180 டாலர் கொடுத்த இடத்தில் 38 டாலர் 40 சென்ட்

முதல் செக் ஆகஸ்ட் மாதம் தபாலில் வந்தது. 38 டாலர் 40 சென்ட். மகனின் ஸ்பீச் தெரபிக்காகப் பிப்ரவரியிலிருந்து வாரம் 180 டாலர் கட்டிக்கொண்டிருந்தோம். கவரைப் பிரித்துப் பார்த்த என் கணவர், "இதை பேங்க்ல போடவா, ஃப்ரேம் போட்டு மாட்டவா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்த 38 டாலர் 40 சென்ட் எங்கிருந்து வந்தது என்று ஒரு சென்ட் பிசகாமல் சொல்ல முடிந்தது. அந்த ஆறு மாதத்தில் அவ்வளவு தேறியிருந்தேன்.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். மகனுக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. ஊரிலிருந்து அத்தை வீடியோ காலில், "ஆம்பளப் பிள்ளைங்க லேட்டாத்தான் பேசுவாங்கம்மா. இவனே நாலு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்று தன் மகனைக் காட்டுவார். இங்கே மூன்று வயது வரை ஏர்லி இன்டர்வென்ஷன் என்று ஓர் அரசுத் திட்டம் உண்டு, பயிற்சியாளர் வீட்டுக்கே வருவார். மூன்றாவது பிறந்தநாளோடு அது முடிந்து, பொறுப்பு பள்ளி மாவட்டத்தின், அதாவது அந்தப் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்தின் கைக்குப் போய்விடும். அங்கே எங்களுக்குக் கிடைத்தது வாரம் ஒரு நாள், நான்கு பிள்ளைகளோடு சேர்த்து 30 நிமிடம். அது போதவில்லை.

தேடிப்பிடித்த தெரபிஸ்ட் நல்லவர். "வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று சொல்லாத முதல் ஆள் அவர்தான். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் வராது என்று பொறுமையாக விளக்கினார். ஒரே சிக்கல், அவர் எந்த இன்சூரன்ஸ் நெட்வொர்க்கிலும் இல்லை, அதாவது எந்த இன்சூரன்ஸ் கம்பெனியோடும் கட்டண ஒப்பந்தம் போட்டவர் இல்லை. பணத்தை நாம் கட்டிவிட்டு, அவர் தரும் பில்லை வைத்து இன்சூரன்ஸிடம் திரும்பக் கேட்க வேண்டும்.

கணவரின் கம்பெனி வழியாக வந்தது பிபிஓ பிளான், நெட்வொர்க்குக்கு வெளியே போனாலும் ஓரளவு பணம் தரும் வகை. உங்கள் பிளான் எந்த வகை என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். ஹெச்எம்ஓ, இபிஓ வகைப் பிளான்களில் அவசரச் சிகிச்சை தவிர நெட்வொர்க்குக்கு வெளியே போனால் பொதுவாக ஒன்றும் வராது. எங்களுடையது பிபிஓ என்பதால் தைரியமாக கார்டின் பின்னால் இருந்த எண்ணுக்கு போன் போட்டேன். "அவுட் ஆஃப் நெட்வொர்க் 60 சதவீதம் கவர் ஆகும்" என்றார் அந்தப் பெண். போனை வைத்ததும் மனக்கணக்குப் போட்டேன். 180இல் 60 சதவீதம் 108. மிச்சம் 72 டாலர்தான் நம் செலவு. பரவாயில்லையே!

அந்தக் கணக்கில் இரண்டு தப்பு இருந்தது. அந்த 60 சதவீதம் நாம் கொடுத்த 180க்கு இல்லை. இந்தச் சேவைக்கு இவ்வளவுதான் என்று இன்சூரன்ஸே ஒரு தொகை வைத்திருக்கும். அதை அலவ்டு அமௌண்ட் என்பார்கள். எங்கள் பிளானில் அது 92 டாலர். மீதி 88 டாலர் அவர்கள் கணக்கிலேயே வராது. இரண்டாவது தப்பு டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் தர ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு வருடமும் நாமே செலவழிக்க வேண்டிய தொகை. நெட்வொர்க்குக்கு வெளியே எங்களுக்குத் தனியாக 1,500 டாலர் டிடக்டிபிள் இருந்தது. அதைத் தாண்டிய பிறகுதான் அந்த 60 சதவீதமே ஆரம்பிக்கும். அந்த 1,500ஐ நிரப்பும்போதும் ஒரு செஷனுக்கு 92தான் சேரும், 180 சேராது. அதாவது 16 செஷன் முடிந்தபோது நாங்கள் கட்டியிருந்தது 2,880 டாலர். அவர்கள் ஏட்டில் ஏறியிருந்தது 1,472. பதினேழாவது செஷனின் 92 டாலரில் 28 டிடக்டிபிளுக்குப் போனது, மிச்சம் 64. அதில் 60 சதவீதம் 38 டாலர் 40 சென்ட். அதன்பின் ஒவ்வொரு செஷனுக்கும் 55 டாலர் 20 சென்ட் வரும், டிசம்பர் 31 வரை. ஜனவரி 1 அன்று டிடக்டிபிள் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பம்.

இதையெல்லாம் முதல் போனிலேயே கேட்டிருக்கலாம். எனக்குக் கேட்கத் தெரியவில்லை. "கவர் ஆகுமா?" என்று கேட்டால் "ஆகும்" என்றுதான் பதில் வரும், அந்தப் பதிலும் பொய்யில்லை. கேட்க வேண்டியது வேறு. என்ன சிகிச்சை என்பதைக் குறிக்கும் எண்ணுக்கு சிபிடி கோடு என்று பெயர், முதலில் தெரபிஸ்ட்டிடமே எந்தக் கோடு போடுவீர்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஸ்பீச் தெரபி செஷனுக்கு வழக்கமாக 92507, முதல் மதிப்பீட்டுக்கு 92523 மாதிரி ஒன்று. அப்புறம் இன்சூரன்ஸுக்கு போன் போட்டு, இந்தக் கோடுக்கு, இந்த ஜிப் கோடில், நெட்வொர்க்குக்கு வெளியே அலவ்டு அமௌண்ட் எவ்வளவு என்று நேராகக் கேட்க வேண்டும். சிலர் தொகையைச் சொல்ல மாட்டார்கள். அப்போது எதை வைத்துக் கணக்கிடுகிறீர்கள் என்று கேளுங்கள். மெடிகேர் என்ற, முதன்மையாக முதியோருக்கான அரசு இன்சூரன்ஸின் கட்டணத்தில் இத்தனை சதவீதம் என்பார்கள், அல்லது அந்தப் பகுதியின் வழக்கமான கட்டணம் என்பார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் மிகப் பெரியது. 2009இல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலின் விசாரணையை ஒட்டி உருவான ஃபேர் ஹெல்த் என்ற லாப நோக்கற்ற அமைப்பின் தளத்தில், கோடும் ஜிப் கோடும் கொடுத்தால் அந்தப் பகுதியின் கட்டணத்தை நாமே பார்க்கலாம். முன் அனுமதி வேண்டுமா, வருடத்துக்கு எத்தனை செஷன், அந்த எண்ணிக்கை பிசியோதெரபியோடு சேர்த்தா தனியா, பில் அனுப்பக் கடைசித் தேதி என்ன என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள். போனை வைக்கும் முன் பேசியவர் பெயரும் அழைப்பின் ரெஃபரன்ஸ் எண்ணும் கட்டாயம். அந்த எண் இல்லாவிட்டால் அப்படி ஒரு பேச்சு நடந்ததாகவே அவர்கள் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

92507 பற்றி இன்னொன்றும் பிறகுதான் தெரிந்தது. அது நேரக் கணக்கு இல்லாத கோடு. 30 நிமிடம் ஆனாலும் 60 நிமிடம் ஆனாலும் ஒரு நாளுக்கு ஒன்றுதான். முதலிலேயே தெரிந்திருந்தால், நான்கு வயதுகூட ஆகாத குழந்தை ஒரு மணி நேரம் உட்கார்வது நல்லதா, 30 நிமிடமாக வாரம் இரண்டு தடவை வருவது நல்லதா என்றாவது தெரபிஸ்ட்டிடம் பேசியிருப்பேன்.

முதல் க்ளெய்ம் திரும்பி வந்ததற்குக் காரணம் நானேதான். கிரெடிட் கார்டு ரசீதுகளை ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தேன். ரசீது பணம் கட்டியதற்கு மட்டும்தான் ஆதாரம், என்ன சிகிச்சை என்று அதில் இருக்காது. அவர்களுக்கு வேண்டியது சூப்பர்பில் என்ற விவரமான பில். தெரபிஸ்ட்டின் பெயர், தகுதி, முகவரி, டாக்ஸ் ஐடி, சிகிச்சை தருபவரை அடையாளம் காட்டும் 10 இலக்க என்பிஐ எண், ஒவ்வொரு செஷனின் தேதி, சிபிடி கோடு, நோயின் ஐசிடி-10 கோடு, சிகிச்சை நடந்த இடத்தின் கோடு, கட்டணம், நாம் கட்டிய தொகை எல்லாம் அதில் இருக்க வேண்டும். எங்களுக்கு வந்த முதல் சூப்பர்பில்லில் என்பிஐ இல்லை. அதற்கு ஒரு மாதம் போனது.

பொறுமையிழந்து, திருத்திய பில்லைப் புது க்ளெய்ம் மாதிரி மறுபடி அனுப்பினேன். டூப்ளிகேட் என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். அவர்கள் கம்ப்யூட்டருக்கு அதே தேதி, அதே கோடு, அதே ஆள், அவ்வளவுதான். திருத்தி அனுப்பும்போது பழைய க்ளெய்ம் எண்ணை எழுதி, இது திருத்திய க்ளெய்ம் என்று முதல் பக்கத்திலேயே பெரிதாகக் குறிப்பிட வேண்டுமாம். பாதி அலுவலகங்களில் இன்னும் ஃபேக்ஸ்தான் ஓடுகிறது. எங்கள் தெருமுனைக் கடையில் எனக்காகவே ஒரு ஃபேக்ஸ் மெஷினை வைத்திருக்கிறார்களோ என்று தோன்றும்.

ஏப்ரலில்தான் உண்மையான அடி. இஓபி என்று ஒரு விளக்கத்தாள் வரும், பில் மாதிரியே இருக்கும், பில் இல்லை. அதில் நாங்கள் அனுப்பிய எல்லாச் செஷன்களுக்கும் நேராக 0.00. அடியில் பொடி எழுத்தில், வளர்ச்சித் தாமதத்துக்கான பயிற்சி பிளானில் சேராது, பள்ளி மாவட்டத்தில் பெறத்தக்கது என்று ஒரு வரி.

அன்று இரவு நான் அழுதேன். அதைச் சொல்வதில் வெட்கமில்லை. பணம் போனதற்காக மட்டும் இல்லை. என் பிள்ளையைப் பார்க்காத யாரோ, அவனுக்கு இது தேவையில்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டார்களே என்றுதான்.

மறுநாள் கணவர் தன் ஹெச்ஆரிடம் எஸ்பிடி கேட்டார். சம்மரி பிளான் டிஸ்கிரிப்ஷன், பிளானின் முழு விதிப்புத்தகம். எழுத்தில் கேட்டால் 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். 140 பக்கம் இருந்தது. அதில் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, எங்களுடையது செல்ஃப் ஃபண்டட் பிளான். கார்டில் இருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனி வெறும் நிர்வாகிதான், பணம் கணவரின் கம்பெனியுடையது. அப்படிப்பட்ட பிளானுக்கு மாநில இன்சூரன்ஸ் துறையிடம் புகார் சொல்லிப் பெரிய பயனில்லை. அது 1974ஆம் ஆண்டின் எரிசா என்ற மத்திய சட்டத்தின் கீழ் வருகிறது, தொழிலாளர் துறையின் எப்சா பிரிவுதான் கேள்வி கேட்கும். இது தெரியாமல் மாநிலத் துறைக்கு எழுதிவிட்டு இரண்டு மாதம் காத்திருந்த ஒரு தோழி எனக்கு உண்டு. ஆனால் செல்ஃப் ஃபண்டட் பிளானில் ஒரு நல்லதும் இருக்கிறது, ஹெச்ஆர் மனது வைத்தால் காரியம் நகரும்.

இரண்டாவது விஷயம், காரணம் தெரியாத வளர்ச்சித் தாமதத்துக்குப் பயிற்சி இல்லை என்று எழுதிய அதே பக்கத்தில், நோயாலோ கேட்கும் குறையாலோ வந்த பேச்சுத் தாமதத்துக்கு, டாக்டர் எழுதிக்கொடுத்தால் உண்டு என்றும் இருந்தது. சட்டென்று உறைத்தது. மகனுக்கு ஒன்றரை வயதிலிருந்தே காதில் நீர் கோத்துக்கொண்டே இருக்கும். காது மூக்குத் தொண்டை டாக்டர் ஆடியோகிராம் எடுத்து, கேட்கும் திறன் குறைவு என்று எழுதி, இரண்டு காதிலும் டியூப் வைத்திருந்தார். அந்த ரிப்போர்ட்டை நாங்கள் தெரபிஸ்ட்டிடம் கொடுக்கவே இல்லை. அவர் கேட்கவுமில்லை. அவர் பில்லில் போட்டது எஃப்80.9, அதாவது பேச்சு, மொழி வளர்ச்சிக் குறைபாடு, வகை குறிப்பிடப்படாதது. ஆடியோகிராமைப் பார்த்த பிறகு தானும் ஒருமுறை மதிப்பீடு செய்து, எஃப்80.4 என்று திருத்தினார். கேட்கும் குறையால் வந்த பேச்சுத் தாமதம் என்று அதற்குப் பொருள்.

இதை ஜாக்கிரதையாகச் சொல்ல வேண்டும். பணம் வருகிற கோடாகப் பார்த்துப் போடச் சொன்னால் அது மோசடி, நமக்கும் தெரபிஸ்ட்டுக்கும் சேர்த்து ஆபத்து. எங்கள் விஷயத்தில் அதுதான் உண்மை, அதற்குக் காகிதமும் இருந்தது. இருந்ததைச் சரியான ஆளின் மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காததுதான் எங்கள் தப்பு.

அப்பீல் செய்ய மறுப்பு வந்த நாளிலிருந்து 180 நாள் அவகாசம் உண்டு. நான் மூன்று வாரத்தில் அனுப்பினேன். முதலில் எழுதிய கடிதம் நான்கு பக்கம், பாதி கோபம். கணவர் படித்துவிட்டு, "இதை என்கிட்ட சொல்லு, அவங்களுக்கு எழுதாதே" என்றார். ஒன்றரைப் பக்கமாகச் சுருக்கினேன். மறுப்புக் கடிதத்தின் தேதியும் க்ளெய்ம் எண்களும், அவர்கள் சொன்ன காரணம், எஸ்பிடியில் எந்தப் பக்கம் என்ன சொல்கிறது என்று அதே வார்த்தைகளில், அதற்கு எங்களிடம் என்ன ஆதாரம். இணைப்பில் குழந்தை டாக்டரின் மருத்துவத் தேவைக் கடிதம், ஆடியோகிராம், தெரபிஸ்ட்டின் மதிப்பீடு, சிகிச்சைத் திட்டம், திருத்திய சூப்பர்பில்கள். பள்ளி மாவட்டத்தின் திட்டத்தில் குழுவாக 30 நிமிடம்தான் என்ற பக்கத்தையும் வைத்தேன், பள்ளியில் பெறுங்கள் என்ற வரிக்கு அதுதான் பதில். குழந்தை டாக்டரிடம் கடிதம் கேட்கும்போது "ஒரு லெட்டர் வேணும்" என்று மட்டும் சொல்லாமல் எஸ்பிடியின் அந்த வரியையும் கையில் கொடுங்கள். அவர் நல்ல மனிதர், ஆனால் எதை நிரூபிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது.

இன்னொரு உரிமையையும் பயன்படுத்தினேன். மறுப்புக்கு அடிப்படையான ஆவணங்களை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். வந்த காகிதக் கட்டில் மருத்துவர் யாரும் பார்த்ததாகக் குறிப்பே இல்லை, கோடு எண்ணைப் பார்த்துத் தள்ளியிருக்கிறார்கள். அதையும் அப்பீலில் ஒரு வரியாகச் சேர்த்தேன். கடிதத்தை செர்டிஃபைடு மெயிலில் அனுப்பினேன், கையெழுத்து வாங்கிய அட்டை திரும்பி வந்தது. முடிவு 41ஆம் நாள் வந்தது. மறுப்பு ரத்து, எல்லாச் செஷன்களும் மறுபடி கணக்கிடப்படும். உள் அப்பீலில் தோற்றிருந்தால், மருத்துவத் தீர்ப்பு சம்பந்தப்பட்ட விஷயங்களுக்கு வெளி ஆய்வு என்று ஒன்று உண்டு. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத அமைப்பு பார்க்கும், நான்கு மாதத்துக்குள் கேட்க வேண்டும். எங்களுக்கு அது வரை போகவில்லை.

அப்படித்தான் ஆகஸ்டில் அந்த 38 டாலர் 40 சென்ட்.

செப்டம்பர் மாதத்துக்கான 220 டாலர் 80 சென்ட் வரவே இல்லை. போன் போட்டால் அனுப்பியாயிற்று என்கிறார்கள். பார்த்தால் செக் தெரபிஸ்ட் வீட்டுக்குப் போயிருக்கிறது. க்ளெய்ம் ஃபாரத்தில் கையெழுத்துக்கு இரண்டு இடம் இருந்தது, நான் நல்ல பிள்ளையாக இரண்டிலும் போட்டிருந்தேன். ஒன்று தகவல் தரச் சம்மதம், இன்னொன்று பணத்தை நேராக சிகிச்சை தருபவருக்கே அனுப்பச் சம்மதம். அவர் அடுத்த செஷனில் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. எஃப்எஸ்ஏ என்ற, மருத்துவச் செலவுக்காக வரி பிடிக்காமல் சம்பளத்திலிருந்து ஒதுக்கும் கணக்கின் கார்டில் பணம் கட்டுகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும், இன்சூரன்ஸ் திருப்பித் தந்த தொகையை அங்கேயும் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது.

இடையில் பலர் என்னிடம், "நோ சர்ப்ரைசஸ் ஆக்ட் வந்துடுச்சே, அதுல கேட்க முடியாதா?" என்றார்கள். 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள அந்தச் சட்டம் அவசரச் சிகிச்சைக்கும், நெட்வொர்க் மருத்துவமனைக்குப் போய் அங்கே நமக்குத் தெரியாமல் வெளி டாக்டர் வந்து பார்ப்பதற்கும் உதவும். தெரிந்தே நாமாக வெளியே போய்ப் பார்க்கும் தெரபிஸ்ட்டுக்கு உதவாது.

எங்களுக்கு உண்மையில் உதவியது வேறொன்று. அதைப் பற்றி அப்பீல் தொடர்பாகப் பேசிய இன்சூரன்ஸ் ஊழியர் ஒருவர் போகிற போக்கில் சொன்னார், "கேப் எக்ஸெப்ஷன் கேட்டுப் பார்த்தீர்களா?" நெட்வொர்க்குக்குள் தகுந்த ஆள் கிடைக்கவில்லை என்று காட்டினால், வெளியே இருப்பவரையே உள்ளே இருப்பவர் மாதிரி கணக்கிட அனுமதி தருவார்கள். யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், பெயர் தெரிந்து கேட்டால்தான் உண்டு.

காட்ட வேண்டுமே. அவர்கள் டைரக்டரியில் எங்கள் வீட்டிலிருந்து 25 மைலுக்குள் இருந்த 14 பேருக்கும் நான் போன் போட்டேன். ஐந்து பேர் பெரியவர்களுக்கு மட்டும் பார்க்கிறவர்கள், பக்கவாதத்துக்குப் பிந்தைய பயிற்சி. மூன்று எண்கள் வேலை செய்யவில்லை. நான்கு இடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். இரண்டு இடத்தில் புது ஆட்களை எடுப்பதில்லை. தேதி, நேரம், பேசியவர் பெயர், சொன்ன பதில் என்று ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி, டாக்டர் கடிதத்தோடு அனுப்பினேன். மூன்று வாரத்தில் அனுமதி வந்தது. அதோடு தெரபிஸ்ட்டும் இன்சூரன்ஸ் கம்பெனியும் எங்கள் மகனுக்கு மட்டும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள், செஷனுக்கு 140 டாலர். அதில் எங்கள் பங்கு 35 டாலர் கோ-பே, மீதி நேராக அவருக்குப் போய்விடும். அவர் 180ஐ விட்டு 140க்கு ஒத்துக்கொண்டதற்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன், எல்லோரும் ஒத்துக்கொள்வதில்லை. இந்த ஒப்பந்தம் இல்லாமல் வெறும் அனுமதி மட்டும் வந்தால் மீதித் தொகையை அவர் நம்மிடமே கேட்கலாம், அதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பழைய செஷன்களுக்கு இந்த அனுமதி செல்லாது என்றார்கள். பிப்ரவரியிலேயே கேட்டிருந்தால் என்று கணக்குப் போட்டுப் பார்க்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

அனுமதி அக்டோபர் 1 முதல் ஆறு மாதத்துக்கு. மார்ச் 31 அன்று முடிகிறது. பிப்ரவரி முதல் வாரத்தில் அந்த 14 எண்களுக்கும் மறுபடி போன் போட வேண்டும், கட்டம் போட்ட புதுத் தாள் ஏற்கெனவே ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. நேற்று மகன் அதைக் காட்டி, "அம்மா, இது என்ன எழுதி இருக்கு?" என்று முழுசாகக் கேட்டான். டெலிபோன் நம்பர்டா கண்ணா என்றேன்.